விழவில்லை, இறங்கினார்

பல்செட்டுக்காரர் தண்ணீரில் விழுந்தபோது அவர் கையில் ஒரு கிழவரின் மேல்வரிசைப் பற்கள் இருந்தன. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றி, பஞ்சு வைத்த டப்பாவில் பத்திரமாகக் கொண்டுபோன பற்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டிவிடுகிறேன் என்று கிழவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கிழவர் அன்று கஞ்சிதான் குடித்தார்.

அவருக்குத் துறைமுகத்தின் இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் வேலை. டாக்டரம்மா ஒருத்தரின் பல் ஆஸ்பத்திரியில், பின்னறையில் உட்கார்ந்து மாவில் அச்செடுப்பது, மெழுகில் வரிசை கட்டுவது, ஈறு நிறத்தைப் பொருத்துவது எல்லாம் அவர்தான். நகரத்தில் பாதிப் பேர் இப்படித் தண்ணீரைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் அரைநாள் போய்விடும். அதனால் எல்லாருக்கும் படகுதான் கதி. பஸ்ஸையும் ரயிலையும் படகையும் ஒரே நிர்வாகத்தில் கொண்டுவந்த பிறகு படகுக் கழகம் என்று ஒன்று உண்டாகியிருந்தது. அதற்கு இரண்டு பெருமைகள். ஒன்று, படகுகள் நேரம் தவறுவதில்லை. இன்னொன்று, ஒரு பயணிகூட இதுவரை தண்ணீரில் விழுந்ததில்லை. இந்த இரண்டாவது பெருமையை எல்லாப் படகுத்துறைகளிலும் பித்தளையில் வார்த்து மாட்டியிருந்தார்கள். பித்தளையில் வார்த்ததைத் திருத்துவது சிரமம். அதனால் பெருமையும் அப்படியே இருந்தது.

நேரம் தவறாமல் இருப்பதற்குக் கழகம் நிறைய யோசித்திருந்தது. கரையில் முட்டிய பிறகு பக்கவாட்டுச் சங்கிலியைக் கழற்றினால் கொஞ்சம் நேரம் வீணாகிறது என்று ஒரு நிபுணர் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து பாதி வழியிலேயே சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும் என்று விதி. கழற்ற மறந்தால் சம்பளத்தில் கைவைப்பார்கள். அன்றைக்குச் சங்கிலியைக் கழற்றியது பல்செட்டுக்காரரின் மச்சான், அவர் மனைவியின் ஒரே தம்பி. அவர் வழக்கம்போல அந்தச் சங்கிலியில்தான் சாய்ந்துகொண்டு, டப்பாவைத் திறந்து பற்களை ஒருதரம் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் கொக்கியை எடுத்தான். சங்கிலி போன பக்கம் அவரும் போனார்.

மச்சான் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. படகோட்டி திரும்பிக்கூடப் பார்த்தார். ஆனால் நிறுத்தம் இல்லாத இடத்தில் படகை நிறுத்தக் கூடாது என்பதும் விதிதான். படகு போய்விட்டது. எதிர்ப்பக்கமிருந்து வந்த இன்னொரு படகைப் பார்த்துத் தண்ணீரில் கிடந்த பல்செட்டுக்காரர் ஒரு கையைத் தூக்கினார். அதிலிருந்த பணியாள் மரியாதையாகக் குனிந்து, இங்கே நிற்காது, துறைக்கு வாருங்கள் என்று சைகை காட்டினான். நடுத்துறைமுகத்தில் துருப்பிடித்த பழைய மிதவை ஒன்று கிடந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிக்கொண்டு கிடந்தவரைக் கடைசியில் துறைமுகக் குப்பை அள்ளும் படகுக்காரர்கள் வலையைப் போட்டு, பாட்டில்களோடும் பாசியோடும் சேர்த்துத் தூக்கிப்போட்டார்கள். அவர்களிடம் விதிகள் எதுவும் இல்லை.

மறுநாள் விசாரணைக்கு வரச் சொல்லிக் கழகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றான். உள்ளே வாடா என்று கூப்பிட்டதும் வந்து, அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான். விதிப்படிதான் கழற்றினேன் என்று சொன்னால் கழகம் ஒத்துக்கொள்ளாதாம். பயணி விழும்படி கழற்று என்று எந்த விதியிலும் இல்லையே என்று கேட்பார்களாம். வேலை போகும், போலீஸ் வரும். அவனுக்கு அப்போதுதான் பெண் பார்த்து முடிவாகியிருந்தது.

மனைவி அவருக்குத் தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. நானா இறங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. ஒரு வார்த்தைதானே."

அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காதில் இன்னும் தண்ணீர் இருந்தது. சரி என்றார்.

விசாரணை அறையில் மூன்று நாற்காலிகள். நடுவில் கழகத் தலைவர். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. அவருக்கு ஒரு பக்கம் பாதுகாப்பு அதிகாரி. மெதுவாகப் பேசுகிற அம்மாள். எதிரே இருப்பவருக்கு ஜலதோஷம் பிடித்துவிடுமோ என்று கவலைப்படுகிற முகம். மூன்றாவது நாற்காலி காலி. அது பயணிகள் பிரதிநிதிக்கு என்று பிறகு தெரிந்தது.

"பயப்படாம சொல்லுங்க," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "இங்க யாரும் உங்களைக் குத்தம் சொல்லப்போறதில்ல. விழுந்தேன்னு சொன்னீங்கன்னா, யாரு சங்கிலிய விட்டதுன்னு கண்டுபிடிச்சு, அந்த ஆளை உள்ள தள்ளுற வரைக்கும் நாங்க ஓய மாட்டோம். இறங்கினேன்னு சொன்னீங்கன்னா ஒரு டீயைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மை எதுவோ அதைச் சொல்லுங்க. டீயில சர்க்கரை போடலாமா?"

"போடலாம். நான் இறங்கினேன்."

"நீங்களா?"

"நானாத்தான்."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் டீயைப் பார்த்தார். "அங்க ஒரு வேலை இருந்துச்சு," என்றார்.

அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த தலைவர் கண்ணைத் திறந்தார். ஒரு பயணிக்கு நடுத்துறைமுகத்தில் வேலை இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தம் இல்லாததால் உயிரைப் பணயம் வைத்து ஓடும் படகிலிருந்து இறங்கியிருக்கிறார். இத்தனை வருஷம் கழகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். பல்செட்டுக்காரர் டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மச்சானுக்குக் கல்யாணம் நடந்தது. மிதவையைப் பற்றிப் பல்செட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் தமாஷாகச் சொல்ல ஆரம்பித்திருந்த நேரத்தில், ஒருநாள் படகில் போகும்போது, அதே இடத்தில் ஆட்கள் இரும்புத் தூண் இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அடுத்தடுத்த வாரங்களில் அது மேடையாக வளர்ந்தது. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு மிதக்கும் மேடை. அதில் பெஞ்சு, கடிகாரம், குப்பைத்தொட்டி. கழகத்தின் எந்த நிறுத்தமாக இருந்தாலும் பஸ்ஸுக்கு மாறும் வசதி இருக்க வேண்டும் என்று பொதுவிதி ஒன்று இருந்தது. ஆகவே ஒரு பஸ் நிறுத்தக் கம்பமும் நட்டு, பஸ் எண்களை எழுதி, பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் போட்டார்கள். அம்புக்குறி காட்டிய பக்கம் ஆழம் அதிகம்.

திறப்பு விழாவுக்கு அவரை வீட்டிலிருந்து காரில் அழைத்துப்போனார்கள். மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மச்சானுக்குத்தான் பெரிய மரியாதை. முதல் பயணி இறங்கத் தக்க சமயத்தில் சங்கிலியைக் கழற்றி உதவிய பணியாளர் என்று சொல்லி, அவனை அந்த நிறுத்தத்துக்கு அதிபராக ஆக்கினார்கள். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைவர் பேசினார். காற்று பலமாக இருந்ததால் ஒலிபெருக்கியைக் கரையைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். அங்கே வெயிலில் படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது நன்றாகக் கேட்டது.

"மற்ற ஊர்களில் பயணி நிறுத்தத்தைத் தேடிப் போகிறார். இங்கே நிறுத்தம் பயணியைத் தேடி வருகிறது. கரையிலிருக்கும் துறைகளில் கூரை இல்லை, கழிப்பறை இல்லை, உட்கார இடமில்லை என்று சிலர் எங்களைக் கேட்கிறார்கள். தினமும் கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தால், கேட்காதவர்களுக்கு எப்போது கொடுப்பது? இதோ இவர் கேட்டாரா? வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இறங்கினார். கழகம் புரிந்துகொண்டது."

எல்லாரும் கைதட்டினார்கள். பல்செட்டுக்காரரும் தட்டினார். பிறகு அவருக்கு ஒரு பயணச்சீட்டு அட்டை கொடுத்தார்கள். ஆயுள் முழுவதும் இலவசம். வீட்டுக் கரையிலிருந்து இந்த நிறுத்தம் வரைக்கும்.

அக்கரை வரைக்குமான அவருடைய பழைய அட்டையை ரத்து செய்துவிட்டதால் அவர் தினமும் காலையில் அங்கே இறங்க வேண்டியதாயிற்று. இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கரைக்குப் போகிற அடுத்த படகுக்குத் தனியாகச் சீட்டு வாங்கி ஏற வேண்டும். மச்சானோடு கொஞ்ச நாள் பேச்சுத்துணையாக இருந்தது. ஆனால் தொப்பி போட்டவனிடம் பேச்சு ரொம்ப நாள் நிலைப்பதில்லை. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க மாமா என்று ஆரம்பித்தவன், பிறகு மாமாவை விட்டுவிட்டு வெறும் விசிலை ஊத ஆரம்பித்தான்.

அந்த வருஷக் கடைசியில் கழகம் கணக்குப் பார்த்தது. இவ்வளவு செலவில் கட்டிய நிறுத்தத்தை ஒரே ஒருவர்தான் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் நிறுத்தத்தை எடுத்திருப்பார்கள். இங்கே நேர்ப் படகுகளை எடுத்துவிட்டார்கள். இனிமேல் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போவதானாலும் நடு நிறுத்தத்தில் இறங்கி, வேறு படகு மாறித்தான் போக வேண்டும். மறுமாதமே அந்த நிறுத்தம் நகரத்திலேயே அதிகப் பேர் இறங்குகிற நிறுத்தமாகிவிட்டது. தலைவருக்கு எங்கேயோ வெளியூரில் ஒரு விருது கிடைத்தது.

மழையில் நனைந்துகொண்டு நடுத்தண்ணீரில் நிற்கிற ஜனங்களுக்கு, யாரால் இப்படி ஆயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது. கழகம் அதை மறைக்கவில்லை. மேடையில் பல்செட்டுக்காரரின் பெரிய படம் ஒன்றை மாட்டி, இவர் விருப்பப்படி அமைத்தது என்று கீழே எழுதியிருந்தார்கள். படத்துக்கு யாரோ மீசை வரைந்தார்கள். யாரோ பற்களைக் கறுப்பாக்கினார்கள். அவருக்கு நடுத்தண்ணியார் என்று பெயர் வந்தது. வரிசையில் நின்றால் முழங்கையால் குத்தினார்கள். ஒரு ஆசிரியை, நல்ல படித்த அம்மாள், குழந்தையைத் தூக்கிக் காட்டி, இந்த ஆளால்தான் நீ தினமும் பள்ளிக்கூடத்தில் முட்டி போடுகிறாய், நன்றாகப் பார்த்துக்கொள் என்றார். குழந்தை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு அவர் தினமும் தாமதமாகப் போனார். டாக்டரம்மா பொறுமைசாலி. ஆனால் அச்செடுத்த மாவு யாருக்காகவும் காத்திருக்காமல் இறுகிவிடுகிறது. வாயைத் திறந்தபடி காத்திருந்த நோயாளிகளில் இருவர், வந்த ஆள் நடுத்தண்ணியார் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அவர் செய்த பல்லைத் தங்கள் வாய்க்குள் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, உங்கள் கை மாதிரி எனக்கு இனிமேல் ஒரு கை கிடைக்காது என்று சொல்லி, வேலையை விட்டு நிறுத்தினார்.

அப்போதுதான் அவர் துணிந்து கழகத்துக்குப் போனார். பாதுகாப்பு அதிகாரி அவரை அடையாளம் கண்டு, எழுந்து நின்று, ஜன்னலைச் சாத்தி உட்காரவைத்தார். எனக்காக அந்த நிறுத்தம் வேண்டாம், எடுத்துவிடுங்கள், எனக்கு அங்கே இப்போது வேலை எதுவும் இல்லை என்று அவர் கெஞ்சினார்.

"உங்க நிலைமை புரியுது," என்றார் அந்த அம்மாள். "தினமும் ஜனங்க மனு குடுக்குறாங்க. கட்டுக்கட்டா வருது. ஆனா ஆயிரம் பேர் சொல்றாங்கங்கிறதுக்காக ஒரு பயணியோட விருப்பத்தை மிதிக்கிற நிர்வாகம் இது இல்ல."

"அந்தப் பயணியே நான்தாங்க. நானே வேண்டாங்கறேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. மத்தவங்க மிரட்டி உங்களை இப்படிச் சொல்ல வச்சிருக்காங்க. இந்த மாதிரி நேரத்துல உங்க பக்கம் நிக்கலைன்னா நாங்க எதுக்கு இருக்கோம்?"

அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், இப்போது போய் நிறுத்தத்தை எடுத்தால் அவன் எங்கே போவான் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலை தேடி அந்தக் கரைக்கு அலைவதற்கும் அவர் அந்த நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டியிருந்தது.

காற்று மாறுகிற பருவம் வந்தது. ஒருநாள் காலை, கரையிலேயே நிற்க முடியாத அளவுக்கு வீசியது. அந்தக் கரையிலிருந்து வரவேண்டிய படகு வரவில்லை. இந்தக் கரையிலிருந்து ஒரு படகு வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. அடுத்ததும் வந்து இறக்கிவிட்டுப் போனது. மேடையில் கால் வைக்க இடமில்லை. பல்செட்டுக்காரர் பஸ் நிறுத்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு பிடிமானம் எதுவும் அந்த மேடையில் இல்லை. மூன்றாவது படகு வருவதை எல்லாரும் பார்த்தார்கள். வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள்.

மச்சான் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். மேடை சாய்கிறது, இந்தப் படகில் வருபவர்களை இறக்காமல் அப்படியே அக்கரைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். அது நேர்ப் படகு ஆகிவிடும், நேர்ப் படகுகள் ரத்தாகிவிட்டன என்று பதில் வந்தது. அவன் இன்னொரு தரம் கேட்டான். நீ நிறுத்த அதிபரா இல்லையா என்று கேட்டார்கள். அவன் தொப்பியைக் காற்றுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு, படகைப் பார்த்து விசில் ஊதினான். மூன்றாவது படகின் சங்கிலியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். அதிலிருந்தவர்களும் இறங்கினார்கள்.

பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் என்று போட்டிருந்த பக்கமாகத்தான் மேடை சாய்ந்தது. முதலில் குப்பைத்தொட்டி போனது, பெஞ்சு போனது, பிறகு பெஞ்சுக்கு முன்னால் நின்றவர்கள் போனார்கள். சத்தம் அதிகமில்லை. எல்லார் வாயிலும் தண்ணீர்.

மச்சான் தண்ணீரில் கிடந்தபடி படகு கட்டுகிற கயிறு ஒன்றைச் சுழற்றி மேடைக்கு வீசினான். கயிறு வீசுவதில் அவன் கெட்டிக்காரன். அதன் நுனி நேராக வந்து பல்செட்டுக்காரரின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"மாமா, பிடிங்க. மாமா."

குனிந்து ஒரு கையால் எடுத்தால் போதும், அவனை இழுத்துவிடலாம். அதற்குக் கம்பத்திலிருந்து ஒரு கையை விட வேண்டும். விடு, விடு என்று மனசு அடித்துக்கொண்டது. கை கேட்கவில்லை. கயிற்று நுனி மெல்ல நகர்ந்து மேடையின் விளிம்புக்குப் போய், பிறகு இல்லாமல் போயிற்று. இன்னும் ஒருதரம் மாமா என்று கேட்டது. அது அதட்டுகிற குரலாக இல்லை. சின்ன வயதில் அவர் வீட்டுக்குத் தங்க வந்தபோது, இருட்டில் கொல்லைக்குத் துணைக்குக் கூப்பிடுவானே, அந்தக் குரல்.

குப்பைப் படகுக்காரர்கள் வந்து முடிந்தவரை எடுத்தார்கள். கம்பத்திலிருந்து அவர் கைகளைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இந்தத் தடவை விசாரணையைப் பெரிய மண்டபத்தில் வைத்தார்கள். செத்தவர்களின் வீட்டார் ஒரு பக்கம், பத்திரிகைக்காரர்கள் ஒரு பக்கம். பல்செட்டுக்காரரின் மனைவி முன்வரிசையில், தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கியிருந்தது.

தலைவர் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். கழகத்தின் நெஞ்சு கனத்துப்போயிருக்கிறது என்றார். ஆனால் கனத்த நெஞ்சோடும் அன்று பிற்பகலே படகுகளைச் சரியான நேரத்துக்கு இயக்கினோம், அதுதான் மறைந்தவர்களுக்கு நாங்கள் செலுத்திய அஞ்சலி என்றார். கழகத்தின் வரலாற்றில் இதுவரை எந்தப் பயணியும் தண்ணீரில் விழுந்ததில்லை, அன்றும் யாரும் விழவில்லை, நெரிசல் காரணமாகச் சிலர் மேடையிலிருந்து அவசரமாக இறங்கியிருக்கிறார்கள் என்றார். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அதற்குத் தலைவர் தலையைக் குனிந்து மௌனமாக நின்றார். அது அஞ்சலி என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சலசலப்பு அடங்கியது.

பிறகு பாதுகாப்பு அதிகாரி நிறுத்த அதிபரைப் பற்றிச் சொன்னார். அவர் பயணி இல்லை, பணியாளர். ஆகையால் அவர் இறங்கினார் என்று சொல்ல முடியாது. பணி நேரத்தில், அனுமதி பெறாமல், தொப்பியோடும் விசிலோடும் பணியிடத்தை விட்டு நீங்கியிருக்கிறார். இதுவரை திரும்பவில்லை. இப்படிப்பட்டவர்களை விதிப்படி வேலையிலிருந்து நீக்க வேண்டும், குடும்பத்துக்கு எதுவும் கிடையாது, ஆனாலும் கழகம் இரக்கப்பட்டுத் தொப்பியைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

மனைவி திரும்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தாள். அவர் எழுந்தார்.

"நான் விழுந்தேன்," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். "நான் அன்னைக்கு இறங்கலை. விழுந்தேன். சங்கிலிய நடுவழியில கழட்டச் சொன்னது உங்க விதி. என் மச்சான் அதைத்தான் செஞ்சான். நான் விழுந்தேன், உங்க படகு நிக்காமப் போச்சு. இவங்க எல்லாரும் விழுந்தாங்க. அவனும் விழுந்தான்."

அவருக்கு உடம்பு லேசானது போல இருந்தது. அத்தனை நாளாகக் காதில் நின்ற தண்ணீர் வெளியே வந்தது மாதிரி. பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். தலைவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். அந்த அம்மாள் பல்செட்டுக்காரருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப நன்றி. இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்னு எங்களுக்குத் தெரியும். அப்போ அன்னைக்கு எங்க முன்னாடி உட்கார்ந்து சொன்னது பொய்யா?"

"பொய்தான்."

"அங்க வேலை இருந்துச்சுன்னு சொன்னதும்?"

"அதுவும்."

"அந்தப் பொய்யை நம்பித்தான் நாங்க அங்க நிறுத்தம் கட்டினோம். நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா அங்க மேடை இல்ல. மேடை இல்லைன்னா இவங்க யாரும் அங்க நின்னிருக்க மாட்டாங்க." அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது. "எங்களை இப்படி ஏமாத்திட்டீங்களே."

முன்வரிசையில் யாரோ ஒரு ஆள், தம்பியைப் பறிகொடுத்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் தலைவரை நோக்கிப் போகவில்லை. ஜனங்களுக்கு நடுத்தண்ணியாரைத் தெரியும். படத்தில் தினமும் பார்த்த முகம். தலைவரின் முகத்தை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் குறுக்கே வராமலிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

கோர்ட்டிலும் வழக்கு சீக்கிரம் முடிந்தது. பொய் வாக்குமூலம் கொடுத்து அரசாங்க நிறுவனத்தை ஏமாற்றியது, அதனால் உயிர்ச்சேதம் விளைவித்தது. உடந்தையாக இருந்தது மச்சான் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அவன் செத்துப்போனதால் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் பெயர் மட்டும் தீர்ப்பில் இருந்தது. பிறந்த குழந்தையைப் பதிவு செய்யப் போன இடத்தில் தகப்பன் பெயரைக் கேட்டுவிட்டு, அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தாராம்.

சிறைக்கூடம் அந்தக் கரையில், மேட்டுப்பகுதியில் இருந்தது. மனைவி முதல் தடவையாகப் பார்க்க வந்தபோது மழை விட்டிருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கொண்டுவந்த துணிகளைக் காவலரிடம் கொடுத்துப் பிரித்துக் காட்டினாள். இளைத்திருந்தாள். நேர்ப் படகு மறுபடி ஓடுகிறது என்றாள். பயணிகளின் வசதிக்காகப் புதுசாக ஆரம்பித்திருக்கிறோம் என்று தலைவர் கொடியசைத்தாராம். கூட்டம் கைதட்டியதாம். அதில்தான் வந்தேன், வேறு எதில் வர என்றாள். இப்போது அவள் தம்பி பெண்டாட்டியையும் குழந்தையையும் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறதாம். அவன் ஜாடைதான் என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே கைதிகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கச் சொல்கிறார்கள் என்றார். யாருமே மூஞ்சியைச் சுளிக்கவில்லையாம். நல்லது என்றாள்.

அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னது யார் என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க கிட்டத்தானே இருந்தீங்க. கடைசில ஏதாவது சொன்னானா? கூப்பிட்டானா?"

வலையில் வைத்திருந்த அவர் விரல்கள் இறுகின.

"இல்ல," என்றார். "ஒண்ணும் சொல்லல. சட்டுனு முடிஞ்சுபோச்சு. பயப்படக்கூட நேரமில்ல அவனுக்கு."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டாள்.

"நல்லவேளை," என்றாள்.

காவலர் நேரமாயிற்று என்றார். அவள் எழுந்து பையை மடித்து இடுக்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் படகைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கை இந்தத் தடவை சொன்னவுடன் கேட்டது.